ஓர் அங்குலம் ஒன்றரை நூல்

கடம்பனேரியில் ஒருவர் இறந்தால் சாலையில் அவருக்கு ஒரு குழி வெட்டுவார்கள். காரியம் முடிந்த மறுநாள் காலையில் நகராட்சி ஆட்கள் கடப்பாரையோடு வருவார்கள். இறந்தவர் உயிரோடு இருந்தபோது எந்த இடத்தில் ஆசையாக நின்றாரோ அந்த இடத்தைக் கேட்டு, அங்கேயே வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்துக் கிலோ எடைக்கு ஓர் அங்குல ஆழம். அதன் பிறகு அந்த வழியில் வண்டியில் போகிறவர் எவரானாலும், சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும். அப்போது இறந்தவரின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். கடம்பனேரியில் இதைத் தவிர வேறு திவசம் கிடையாது.

குழியை ஒதுக்கி ஓட்டுவது, எதிரில் வரும் சொந்தக்காரரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சமம். யாரும் அப்படிச் செய்வதில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதிப் போடுவார்கள். நகராட்சி அதற்குப் பதில் எழுதுவதில்லை. கடம்பனேரிக்காரர்கள் வேறு ஊருக்குப் போய் வழவழவென்று கிடக்கும் சாலையைப் பார்த்தால், பாவம், இந்த ஊரில் யாருக்கும் யாரும் இல்லை போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டிவிட்டு வருவார்கள். காரில் போனால் குழி உடம்புக்குத் தெரியாது என்பதால், கார் வைத்திருக்கிற வீட்டுக்குப் பெண் கொடுப்பதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இறந்தவரின் எடையை வீட்டார்தான் சொல்ல வேண்டும். எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள். போகிறவருக்கு நாலு கிலோ கூட்டிச் சொன்னால் யார் குடி முழுகிப்போகிறது? படுக்கையில் கிடந்து இளைத்து முப்பத்தெட்டுக் கிலோவில் போன மாமியாருக்கு மருமகள் எழுபது என்று சொன்னாள். மாமியார் உயிரோடு இருந்தவரை அவள் அவரோடு பேசியதே இல்லை. நகராட்சி ஆட்களும் தலையை நிமிர்த்தாமல் எழுபது என்றே எழுதிக்கொண்டார்கள்.

ஊரில் சரியான எடையைச் சொன்னவன் மாசிலாமணி ஒருவன்தான். அவன் ரேஷன் கடையில் எடை போடுகிறவன். பதினான்கு வருடமாகத் தராசின் முன் நிற்கிறான். வரிசையில் நிற்கும் அத்தனை கண்களும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். எடை போடுகிறவன் என்றாலே குறைத்துப் போடுகிறவன் என்பது ஊர் வழக்கு. அந்தப் பெயர் தனக்கு வரக் கூடாது என்று அவன் கிராம் கணக்கில் வாழ்ந்தான். நாளாக ஆக, எதைத் தூக்கினாலும் எடை கைக்குத் தெரிந்தது. அவன் மகள் அல்லி மூன்று நாள் காய்ச்சலில் போனபோது அவளைக் கடைசியாகத் தூக்கியதும் அதே கைதான். "எவ்வளவு?" என்று நகராட்சி ஆள் கேட்டதும், "பதினொண்ணு எண்ணூறு" என்று வாய் சொல்லிவிட்டது.

எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். பஞ்சுமெத்தைக் கடை வாசலில் ஓர் அங்குலம் ஒன்றரை நூல் ஆழத்துக்கு வெட்டிவிட்டுப் போனார்கள். அல்லி அப்பாவின் வண்டியில் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து வரும்போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்வாள். கடைக்குள் பஞ்சு பறப்பதை வாயைத் திறந்துகொண்டு பார்ப்பாள். போதும் என்று அவளாகச் சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

அவன் மனைவி பூங்கோதை பதினெட்டு நாள் அவனோடு பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் சோறு போட்டுவிட்டு, "பன்னண்டுன்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். மாசிலாமணி தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். அது நடந்து இரண்டு வருடமாகிறது.

வீட்டில் அவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஒருவர் சொன்னால் மற்றவர் எழுந்து போய்விடுவார். ஆனால் வண்டியில் இரண்டு பேருமாகப் போகும்போது, பஞ்சுமெத்தைக் கடை வாசலில் சக்கரம் இறங்கி ஏறும். ஒரு சின்னத் துள்ளல்தான். பூங்கோதையின் கை அவன் தோளில் ஒருமுறை இறுகும். இருவரும் ஒரே நேரத்தில் "அல்லி" என்பார்கள். அந்த ஒரு நொடிக்காகவே அவர்கள் கடைக்குப் போவதும் கோயிலுக்குப் போவதுமாக இருந்தார்கள். இதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த மாசி மாதம் பூங்கோதைக்கு ஐந்து மாதம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றைப் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்றாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து காட்ட வேண்டும், நடக்கக் கூடாது, குலுங்கக் கூடாது.

"குலுங்காம எப்படிம்மா வர்றது?" என்று மாசிலாமணி கேட்டான்.

"அது உங்க பாடு. புள்ள நிக்கணும்னா குலுங்கக் கூடாது."

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இருபத்துமூன்று குழிகள். ஆட்டோவில் போகலாம் என்றால் அதற்கு மூன்று சக்கரம், எந்தக் குழியும் தப்பாது. ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போனால் நாற்பத்தொன்று. மாசிலாமணியின் வண்டி பழைய நூறு சிசி. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் ஒழுகிச் செத்துப் பல நாள் ஆகியிருந்தது. குழியில் இறங்கினால் 'டங்' என்று உலோகம் உலோகத்தோடு மோதி, அடி நேராக முதுகுத்தண்டில் வந்து விழும். அவன் அதை மாற்றாமல் வைத்திருந்ததற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை.

மறுநாளே அவன் ஜபருல்லா பாய் கடைக்குப் போனான். கடம்பனேரியில் உதிரிபாகக் கடை அது ஒன்றுதான். விஷயத்தைக் கேட்டதும் பாய் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தார்.

"இது உங்க வண்டிலயே வந்தது. எல்லாரையும் அப்படியே சொல்லும். ஒருத்தரையும் விடாது. இது எண்ணெய் ஷாக். முக்கால் அங்குலம் வரைக்கும் முழுங்கும். இது கேஸ். ஒன்றரை அங்குலம் வரைக்கும் சுத்தமா முழுங்கிடும். அதுக்கு மேல உள்ளதை நீவிவிட்டு மெதுவாக் குடுக்கும். மாசமா இருக்கறவங்களுக்கு இதுதான்."

கடையின் பின்பக்கம் பாய் ஏழு குழிகள் வெட்டி வைத்திருந்தார். ஓர் அங்குலத்திலிருந்து ஏழு அங்குலம் வரை. அவை யாருடையவையும் அல்ல, சோதனைக்காக அனுமதி வாங்கி வெட்டியவை. அவற்றில் இறங்கும்போது மட்டும் வாயைச் சும்மா வைத்துக்கொள்ளலாம். பாய் கேஸ் ஷாக்கை வண்டியில் மாட்டி, எடைக்குத் தக்கபடி இறுக்கும் அடி வளையத்தை மூன்றாவது படிக்குத் திருப்பி, பின் சீட்டில் ஐம்பது கிலோ அரிசி மூட்டையைக் கட்டினார். பூங்கோதை ஐம்பத்துநாலு கிலோ என்று சொல்லி, மாசிலாமணி இன்னும் நாலு கிலோ நட்டு போல்ட்டை அட்டைப் பெட்டியில் போட்டு மூட்டைமேல் வைத்துக்கொண்டான்.

ஏழு அங்குலக் குழி, கூட்டத்தில் தூரத்திலிருந்து யாரோ தலையசைத்தது போல வந்து போனது. நாலு அங்குலம் அதைவிட மென்மை. கடைசியாக ஓர் அங்குலக் குழி. அதைத் தாண்டிவிட்டானா இல்லையா என்று தெரியாமல் மாசிலாமணி வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். குழி பின்னால் கிடந்தது.

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான்.

"பாய், இதுலயே பெருசையெல்லாம் முழுங்கிட்டு, சின்னதை மட்டும் விடுற மாதிரி இருக்கா?"

"எவ்வளவு சின்னது?" என்று பாய் கேட்டார். அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இருந்தாலும் கேட்பதுதான் மரியாதை.

"ஓரங்குலம் ஒன்றரை நூல்."

பாய் எண்ணெய்க் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டார். "ஸ்பிரிங்குக்கு ஆள் தெரியாது தம்பி. எந்தக் கம்பெனி போட்டாலும் சின்னதைத்தான் மொதல்ல முழுங்கும். பெருசை முழுங்கி சின்னதை விடுறது இன்னும் வரல."

"ஒரு பக்கம் மட்டும் மாத்தினா? அவ உக்கார்ற இடது பக்கம் புதுசு. என் பக்கம் பழசு இருக்கட்டும். எனக்கு மட்டும் தூக்கிப்போட்டாப் போதும்."

"ஜோடியாத்தான் மாத்தணும். ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னா, புருஷன் ஒரு பக்கம் இழுக்க பொண்டாட்டி ஒரு பக்கம் இழுக்கன்னு கொண்டுபோய் சாக்கடைல விட்டுடும்" என்றார் பாய். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். "கேஸ் போடணும்னா இதுல கையெழுத்து வேணும். உங்க வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல எத்தனை குழியோ அத்தனை படிவம்."

'இன்னாருடைய குழியை இந்த வண்டி விழுங்குவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே குடும்பத்தார் கையெழுத்திட இடம் இருந்தது. மாசிலாமணி இருபத்துமூன்று எண்ணி வாங்கிக்கொண்டான். பாய் பழைய ஷாக்கையே திருப்பி மாட்டிக் கொடுத்தார்.

நாலு நாளில் இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினான். எந்த வீட்டிலும் மறுக்கவில்லை. ஐந்து மாதம் என்று சொன்னதும் பேனாவைத் தேடினார்கள். போன வாரம்தான் பருப்பில் ஐம்பது கிராம் குறைகிறது என்று வரிசையில் சண்டை போட்ட அம்மாள், மகன் பெயருக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடு என்று நாரத்தங்காய் ஊறுகாயும் கட்டிக்கொடுத்தாள். சிலம்ப வாத்தியாரின் மனைவிதான் சிரித்தாள். வாத்தியாரின் குழி பன்னிரண்டு அங்குலம். "அவரையா முழுங்கப் போவுது? வண்டியப் பாத்துக்கப்பா" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டாள்.

இருபத்துமூன்றாவது படிவத்தில் மாசிலாமணி தன் பெயரை எழுதினான். பக்கத்தில் பெற்றவள் கையெழுத்திட இன்னொரு கோடு இருந்தது. படிவத்தைச் சமையலறை மேடையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தான்.

பூங்கோதை தினமும் ஜாடியைத் தூக்கி, காகிதத்தைத் தூக்கி, மேடையைத் துடைத்து, காகிதத்தை வைத்து, ஜாடியை வைத்தாள். முதல் செவ்வாய்க்கிழமை பழைய ஷாக்கிலேயே போனார்கள். மாசிலாமணி ஆமை நகர்கிற மாதிரி ஓட்டினான். சிலம்ப வாத்தியார் குழியில் காலை ஊன்றி, ஊன்றி, வண்டியைக் கையால் இறக்கி ஏற்றினான். இரண்டாவது செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். வேர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்ததும் அவன் கேட்டான்.

"கையெழுத்துப் போடலியா?"

"எதுக்குப் போடணும்? எம்பொண்ணு இல்லைன்னு எழுதிக் குடுக்கறதுக்கா?"

"இல்லைன்னு இல்ல. ஆட்சேபணை இல்லைன்னு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பூங்கோதை காயை நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அன்னைக்கே பன்னண்டுன்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"பன்னண்டுன்னாலும் முழுங்கிடும் கோதை. பதினஞ்சுன்னு சொல்லியிருந்தாலும் முழுங்கிடும். பாய்கிட்ட கேட்டேன்."

அரிவாள்மனைச் சத்தம் நின்றது. "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

இரண்டு வருடமாக அவனும் அந்த இருநூறு கிராமைத்தான் சுமந்துகொண்டிருக்கிறான் என்பது பூங்கோதைக்கு அன்றுதான் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை சிலம்ப வாத்தியார் குழியில் மாசிலாமணியின் கால் வழுக்கியது. வண்டி முழுசாக உள்ளே போய் முழுசாக மேலே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கியபோது பூங்கோதையின் சேலையில் ரத்தம் இருந்தது. உடனே கட்டிலில் படுக்க வைத்து, கால்பக்கம் இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தினார்கள். வெளியே மரப் பெஞ்சில் மாசிலாமணி இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கைகளுக்கு எல்லா எடையும் தெரியும். இன்னும் பிறக்காத ஒன்றின் எடையையும் அவை தெரிந்துகொண்டுவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. இனிமேல் சரியான எடை எதுவும் தெரியவே வேண்டாம், தராசை விட்டே போய்விடுகிறேன் என்று தனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் சொன்னான்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தாள். "இப்போதைக்கு நிக்குது. இன்னொரு செவ்வாக்கிழமை இப்படி வந்தீங்கன்னா, அதுக்கப்புறம் நீங்க வர வேண்டிய வேலை இருக்காது."

உள்ளே போனபோது பூங்கோதை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அந்தக் காகிதத்தக் கொண்டாங்க" என்றாள். மாசிலாமணி வீட்டுக்கு நடந்தே போய், உப்பு ஜாடியைத் தூக்கி, அதை எடுத்து வந்தான். வண்டியில் போயிருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பஞ்சுமெத்தைக் கடை வாசலில் தனியாகத் தூக்கிப்போட்டுக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

அவள் படுத்தபடியே நிதானமாக எழுதினாள். கையெழுத்துக்கு மேலே இருந்த அச்சு வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, 'எனக்கு ஆட்சேபணை உண்டு. இருந்தாலும் கையெழுத்திடுகிறேன்' என்று எழுதி, பூங்கோதை மாசிலாமணி என்று முடித்தாள்.

இது செல்லுமா என்ற சந்தேகத்தோடுதான் மாசிலாமணி நகராட்சிக்குப் போனான். குழி ஆய்வாளர் வில்வநாதன் இருபத்துமூன்று படிவத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிப் படிவத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். அதில் 'ஆட்சேபணையுடன் சம்மதம்' என்று ஒரு பத்தி ஏற்கெனவே இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பத்திதான் நிறைந்திருந்தது. அதில் பூங்கோதையின் பெயரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஜபருல்லா பாய் ஜோடியாக மாட்டினார். போல்ட்டை முறுக்கும்போது மட்டும் ஒருமுறை மாசிலாமணியை நிமிர்ந்து பார்த்தார். "வளையத்த மூணாவது படிலயே வச்சிருக்கேன். வீட்டம்மாவுக்கு எடை ஏற ஏற வாங்க. ஒவ்வொரு படியாக் கூட்டித் தர்றேன்."

நாலாவது செவ்வாய்க்கிழமை அவர்கள் புது ஷாக்கில் போனார்கள். குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தலையசைத்துவிட்டு நகர்ந்தன. சிலம்ப வாத்தியார்கூட, பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தவர் போல, கொஞ்சம் குனிந்து வழிவிட்டார். இருபத்திரண்டு பெயர்களை அவர்கள் முறையாகச் சொன்னார்கள். பஞ்சுமெத்தைக் கடை நெருங்கியபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கடை வந்தது. பஞ்சு பறந்தது. கடை போனது. ஒன்றும் நிகழவில்லை.

"அல்லி" என்று மாசிலாமணி உத்தேசமாகச் சொன்னான். அவன் சொல்லி முடித்த பிறகு பின்னாலிருந்து "அல்லி" என்று கேட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் விழவில்லை.

அடுத்த வாரம் கடையின் இரும்புக் கதவை அடையாளம் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார்கள். அவன் கதவின் தொடக்கத்தில் சொன்னான், அவள் முடிவில் சொன்னாள். அதற்கடுத்த வாரம் கடைப் பலகையை வைத்துக்கொண்டார்கள். அதுவும் சரிப்படவில்லை. ஆறாவது வாரத்தில் இருவருமே சொல்வதை விட்டுவிட்டார்கள். டாக்டரம்மாவுக்குத்தான் ஒரே சந்தோஷம். நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டது, பிள்ளை நன்றாகச் சுற்றுகிறது, என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு பிள்ளை நன்றாக இருக்கிறது என்ற செய்தி இன்னொரு பிள்ளையின் மேல் ஏறி இறங்கி வருகிறது என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. இதை யாரிடம் சொல்வது? பூங்கோதையிடம் சொல்ல முடியாது. அவள் கை தோளில் இருந்தது, ஆனால் அந்த இடத்தில் இறுகவில்லை.

சித்திரை இரண்டாவது செவ்வாய்க்கிழமை. வழக்கம் போலவே போனார்கள். பஞ்சுமெத்தைக் கடை வாசலில், இருவரும் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது, பின்சக்கரம் இறங்கி ஏறியது.

மெதுவாகத்தான். யாரோ முதுகில் ஒரு விரலால் தட்டிய அளவுக்குத்தான். பூங்கோதையின் கை தோளை இறுக்கியது. "அல்லி" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மாசிலாமணி வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவான். ஆஸ்பத்திரிக்குப் போய், காட்டிவிட்டு, திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடியும் விரல் தட்டியது. அன்று ராத்திரி அவர்கள் வீட்டுக்குள்ளேயே அந்தப் பெயரைச் சொன்னார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

குழி ஆழமாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, மூன்றாம் நாள் குழி ஆய்வாளர் வில்வநாதன் பஞ்சுமெத்தைக் கடை வாசலுக்கு டேப்போடு வந்துவிட்டார். அனுமதியில்லாமல் குழியை ஆழப்படுத்துவது குற்றம். பாசத்தில் சிலர் கடப்பாரையை எடுத்துவிடுவார்கள். மாசிலாமணி தான் தொடவில்லை என்றான். வில்வநாதன் குந்தி உட்கார்ந்து குழியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பூங்கோதை மெத்தைக் கடையில் போட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கடப்பாரை படல. ஓரம் வழவழன்னு இருக்கு. தானா வளந்ததுதான்" என்றார் வில்வநாதன். பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தார். "பெரியவங்க குழி வளராது. சின்னப் புள்ளைங்களோடது வளரும். அதுக்குத் தனி நோட்டு. எடையச் சொல்லுங்க."

"நானா?"

"பெத்தவங்கதான் சொல்லணும்."

மாசிலாமணி பூங்கோதையைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "சரியாவே சொல்லுங்க" என்றாள்.

அவன் சாலையில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் குழிக்குள் விட்டு, தூக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தான். போகிற வண்டிகளெல்லாம் நின்று காத்திருந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"பதினேழரை" என்றான்.

வில்வநாதன் டேப்பை வைத்துப் பார்த்தார். ஓர் அங்குலம் ஆறு நூல். "சரியா இருக்கு" என்று எழுதிக்கொண்டார். "அஞ்சு வயசு முடிஞ்சிருக்கும் இல்லியா?"

"சித்திரை பொறந்ததோட அஞ்சு முடிஞ்சிருச்சு" என்றாள் பூங்கோதை.

"அப்ப பள்ளிக்கூடத்துல போட்டாகணும். ஜூன்லேர்ந்து காலைல ஒம்பதரைக்குக் குழி அங்க போயிடும், நாலு மணிக்கு மேல இங்க வந்துடும். எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மாசிலாமணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியைச் சொன்னான். அங்கே நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று பேச்சு. பூங்கோதை ஒத்துக்கொள்ளவில்லை. அது லாரி போகிற ரோடு, வேண்டவே வேண்டாம், ஏரிக்கரைத் தெருப் பள்ளிக்கூடமே போதும் என்றாள். வில்வநாதன் ஏரிக்கரைத் தெரு என்று எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஜபருல்லா பாய் கடையில் வளையத்தை நாலாவது படிக்கு ஏற்றிக்கொண்டார்கள். இப்போது இருபத்துமூன்றாவது படிவம் செல்லாது, குழி ஒன்றரை அங்குலத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லி பாய் அதைத் திருப்பிக் கொடுத்தார். பூங்கோதை வாங்கி, தான் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பஞ்சுமெத்தைக் கடை வாசலில் சாலை தட்டையாக இருந்தது. குழி இருந்த சுவடே இல்லை. மாசிலாமணி பிரேக்கைப் பிடித்தான்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம்ல" என்றாள் பின்னால் இருந்தவள்.

"ஆமால்ல" என்றான் அவன்.

டாக்டரம்மாவிடம் சொல்லி, இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் மாலை நேரமாக மாற்றி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மணி நாலேகால். ஏரிக்கரைப் பக்கமிருந்து பிள்ளைகள் பையும் கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். மெத்தைக் கடை வாசலில் சக்கரம் இறங்கி ஏறியது. இருவரும் பெயரைச் சொன்னார்கள். அப்போது ஏதோ ஒன்று சக்கரத்தில் பட்டு, கடகடவென்று உருண்டது.

"நிறுத்துங்க" என்றாள் பூங்கோதை.

மாசிலாமணி வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பின்னால் நடந்து போய்க் குனிந்து பார்த்தான். குழியின் ஓரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடி கிடந்தது. மஞ்சள் நிறம். எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் காட்டினான். பூங்கோதை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டாவது வாரமே பாட்டிலத் தொலைச்சிட்டு வந்திருக்கா" என்றாள்.

"வேற வாங்கிக்கலாம்."

"வாங்கிக் குடுத்துக் குடுத்துத்தான் இப்படி. நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல போயி, கீழ கிடக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

மாசிலாமணி சரி என்று சொல்லி மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கடைக்குள் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. போதும் என்று தோன்றும் வரைக்கும் மூன்று பேருமாக நின்றுவிட்டு, வண்டியை எடுத்தார்கள்.